கடைசிக் கப்பல் எப்போது கிளம்பியது, தெரியுமா?

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் போகிற பஸ் கராச்சர்மாவில் நிற்கிறது. கண்டக்டர் இந்தியில் கூவுகிறார். முன் சீட்டு அக்கா தமிழில் மீன் விலையைச் சபிக்கிறார். பின்னால் யாரோ வங்காளத்தில் பதில் சொல்கிறார்கள். ஊர் அப்படித்தான். அந்தமானில் கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவருக்குத் தமிழ்தான் தாய்மொழி. டீக்கடையில் "ஒரு டீ" என்றால் போதும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

இந்த பஸ் போய்ச் சேரும் வண்டூர் எந்த ஊர்ப் பெயர் தெரியுமா? கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்து வண்டூர்! தெற்கு அந்தமானில் கையை எந்தப் பக்கம் நீட்டினாலும் மலபார்தான். மஞ்சேரி இருக்கிறது, திரூர் இருக்கிறது, காலிகட் இருக்கிறது, மண்ணார்காடும் இருக்கிறது. பவளப்பாறை பார்க்க வண்டூருக்கு ஓடும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பெயரைச் சுமந்து வந்தவர்கள் விலங்கோடு வந்தவர்கள் என்று? 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சிக்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். அனுப்பியது எந்த அரசு? நம் மெட்ராஸ் மாகாண அரசு! மலபார் அப்போது மெட்ராஸில் ஒரு ஜில்லா.

இதில் ஆச்சரியம் என்ன என்கிறீர்களா? "அந்தமானுக்குக் கைதி அனுப்புவதை நிறுத்தப் போகிறோம்" என்று அரசாங்கம் அறிவித்ததும் அதே 1921-ல்தான்! அறிவிப்பின் ஈரம் காயவில்லை. மலபாரில் கலகம் வெடித்தது, மெட்ராஸ் ஜெயில்கள் பிதுங்கின, கப்பல் மறுபடி கிளம்பிவிட்டது.

சட்டச் சீர்திருத்தம் என்றால் நாம் தேதியை மனப்பாடம் செய்கிறோம். இந்த ஆண்டு சட்டம் வந்தது, அந்த ஆண்டு ஒழிந்தது என்று பரீட்சைக்கு எழுதுகிறோம். அந்தமானைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் தேதிகள் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: கடைசிக் கப்பல் எப்போது கிளம்பியது?

அதற்கு முன்னால் முதல் கப்பல். 1858 மார்ச் 10. ஆக்ரா ஜெயிலில் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் பேட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு 'செமிராமிஸ்' கப்பலில் வந்து இறங்கினார். இந்திய தண்டனைச் சட்டம் எந்த ஆண்டு? 1860! அதாவது தண்டனைத் தீவு முதலில் வந்தது, தண்டனைச் சட்டம் இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. வாக்கர் அதுவரை காத்திருக்கவும் இல்லை. வந்த மூன்றே மாதத்துக்குள், தப்பி ஓடிப் பிடிபட்ட 86 பேரை ஒரே நாளில் தூக்கிலிட்டார். இனி இப்படிச் செய்யாதே என்று மேலிடமே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த உத்தரவும் கல்கத்தாவிலிருந்து கப்பலில்தான் வந்திருக்கும்!

அந்தமானுக்கு முன்னால் நம் ஆட்களை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்! 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரில் இந்தியக் கைதிகள் ரோடு போட்டார்கள், காடு வெட்டினார்கள், கட்டடம் எழுப்பினார்கள். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அப்படி வெள்ளை வெளேரென்று நிற்கிறதே, அந்தப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்று பெயர். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் இடித்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் கை வைத்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். சிங்கப்பூரில் தேவாலயத்தையே அப்படி மெழுகியவர்கள் கைதிகள்!

அந்தக் காலத் தமிழில் இதற்குப் பெயர் 'தீவாந்திர சிட்சை'. தாத்தா பாட்டி வாயில் கேட்டிருப்பீர்கள். "தீவாந்திரத்துக்குப் போவாய்" என்பது வசவு.

இப்போது செல்லுலர் ஜெயில். 1896-ல் தொடங்கி 1906-ல் முடிந்த கட்டடம். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் போல ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று மாடி, மொத்தம் 693 அறைகள். ஒரு கிளையின் முகம் அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும். எதிர் அறைக்காரன் முகம் என்ற ஒன்றே கிடையாது!

அறைக் கதவின் தாழ்ப்பாளை அருகில் போய்ப் பாருங்கள். பூட்டு கதவில் இல்லை. கதவிலிருந்து ஒரு நீளமான இரும்புக் கம்பி வெளிச்சுவருக்குள் ஓடுகிறது. கதவைத் தாண்டி, சுவரில் குடைந்த ஒரு குழிக்குள் போய் அது பூட்டிக்கொள்கிறது. உள்ளே இருப்பவர் கம்பிகளுக்கு இடையே தோள்வரை கையை நீட்டினாலும் விரல் நுனி எட்டாது. நான் நின்று நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையன் தலையைச் சாய்த்து, பல்லைக் கடித்து முயற்சி செய்துகொண்டிருந்தான். அவனுக்கும் எட்டவில்லை. "யார் சார் இதைக் கண்டுபிடிச்சது?" என்றான். மூளையை எதற்கெல்லாம் செலவழித்திருக்கிறார்கள்!

கைதியின் கழுத்தில் ஒரு மரச் சில்லு தொங்கும். அதில் அவருடைய எண், எந்தச் சட்டப் பிரிவு, தண்டனை பெற்ற தேதி, விடுதலையாகும் தேதி. சாவர்க்கர் கழுத்தில் தொங்கிய சில்லில் விடுதலை ஆண்டு 1960! இரண்டு ஆயுள் தண்டனை, ஒரு ஆயுளுக்கு 25 வருடம் என்று ஐம்பது வருடக் கணக்கு. ஆனால் நம் வ.உ.சி.க்கு 1908 ஜூலையில் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே போட்ட இரட்டைத் தீவாந்திர தண்டனையை நாற்பது வருடம் என்றுதான் நாம் சொல்லி வருகிறோம். அங்கே ஆயுள் 20! தண்டனைச் சட்டத்திலேயே, பின்னக் கணக்குப் போடும்போது ஆயுளை 20 வருடமாக வைத்துக்கொள் என்று ஒரு பிரிவு உண்டு. (வ.உ.சி. அந்தமானில் செக்கிழுத்தார் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. அவர் அந்தமான் கப்பலில் ஏறவே இல்லை. செக்கு கோயம்புத்தூர் ஜெயிலில். 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.)

டீக்கடையில் கேட்டால் "ஆயுள்னா பதினாலு வருஷம்" என்பார்கள். அப்போ எது சரி? 14-ஆ, 20-ஆ, 25-ஆ? எதுவும் இல்லை! காந்தி கொலை வழக்குக் கைதி கோபால் கோட்சே, 20 வருடக் கணக்கில் கழிவு போக என் தண்டனை முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் போனார். 1961-ல் தீர்ப்பு வந்தது. ஆயுள் என்றால் மூச்சு உள்ளவரை. அரசு மனது வைத்துக் குறைத்தால் மட்டுமே குறையும். 14 என்பது, கொலை போன்ற குற்றங்களில் ஆயுள் கைதியை அதற்கு முன்னால் விடக்கூடாது என்று 1978-ல் சேர்த்த வரம்பு. அது விடுதலைத் தேதி என்று ஊரே நம்புகிறது.

சரி, கப்பலை நிறுத்தச் சொன்னது யார்? இங்கேதான் எனக்குப் புல்லரித்தது. 1919-20 இந்திய ஜெயில்கள் குழு. தலைவர் சர் அலெக்சாண்டர் கார்டியு, மெட்ராஸ் ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இருந்த ஐ.சி.எஸ். அதிகாரி. சில நாள் தற்காலிக ஆளுநராகவும் இருந்தவர். இந்தக் குழு இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், பிலிப்பைன்ஸ், ஹாங்காங் என்று ஜெயில் ஜெயிலாக ஏறி இறங்கியது. அந்தமானுக்கும் வந்து பார்த்தது. முடிவு: இந்தத் தண்டனைக் குடியிருப்பை மூடு.

அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது தெரியுமா? குழந்தைகளைப் பெரியவர்களின் கோர்ட்டில் நிறுத்தாதே, தனிக் கோர்ட் வை, ஜெயிலுக்கு அனுப்பாதே! தீவை மூடச் சொன்ன பேனாவும் சிறுவர் நீதிமன்றத்தைத் திறக்கச் சொன்ன பேனாவும் ஒன்றே. உலகின் முதல் சிறார் நீதிமன்றம் 1899-ல் சிகாகோவில் வந்திருந்தது. இங்கே முதலில் சட்டம் போட்டது யார்? மெட்ராஸ்! 1920, மெட்ராஸ் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922, பம்பாய் 1924. அதற்கு முன்பே, 1887-லேயே, செங்கல்பட்டில் சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஓடிக்கொண்டிருந்தது.

அடேயப்பா என்று மெச்சிக்கொள்ளும் நேரத்தில் இதையும் கேளுங்கள். 1930 ஏப்ரல் 18, சிட்டகாங் ஆயுதக் கிடங்குத் தாக்குதல். சூரியா சென்னின் படையில் சுபோத் ராய் என்று ஒரு பையன். வயது 14! வங்காளத்தில் குழந்தைகள் சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. தீவை மூடுவதாக அறிவித்து ஒன்பது வருடம். இரண்டு சீர்திருத்தமும் ஏட்டில் பத்திரமாக இருந்தன. பையனை 1934-ல் செல்லுலர் ஜெயிலுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைய சட்டத்தில் 14 வயதுப் பையன் எவ்வளவு கொடிய குற்றத்தில் சிக்கினாலும் பெரியவர்களின் நீதிமன்றத்துக்கு மாற்ற முடியாது. அதிகபட்சம் மூன்று வருடம், சிறப்பு இல்லத்தில்.

மூடிய தீவுக்கு 1932-லிருந்து அரசியல் கைதிகளை மறுபடி அனுப்பினார்கள். 1933 மே மாதம் உண்ணாவிரதம்; வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் செலுத்தியதில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா மூன்று பேரும் இறந்தார்கள். 1937 ஜூலையில் இன்னொரு பெரிய உண்ணாவிரதம் தொடங்கியது. இந்தியா முழுக்க ஊர்வலம், கூட்டம். அரசு இறங்கிவந்தது. கடைசி அரசியல் கைதிகள் தீவை விட்டுக் கிளம்பியது 1938 ஜனவரியில்! அறிவிப்புக்கும் கப்பலுக்கும் நடுவே 17 வருடம். அறிவிப்பை நடத்திக் காட்டியது கைதிகளின் வயிறு.

முடிந்ததா? சட்டப் புத்தகத்தில் 'தீவாந்திர சிட்சை' அப்புறமும் உட்கார்ந்திருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தான், 1945-ல் போனான். 1947-ல் சுதந்திரம் வந்தது. அனுப்பத் தீவு இல்லை, ஆனால் நீதிபதிகள் அந்தத் தண்டனையை எழுதிக்கொண்டே இருந்தார்கள்! 1955-ல் திருத்தச் சட்டம் போட்டு, 1956 ஜனவரி 1 முதல்தான் அந்தச் சொல் 'ஆயுள் சிறை' ஆனது. ஆக, கப்பல் நின்றது 1938-ல், சொல் நின்றது 1956-ல். சில சீர்திருத்தங்கள் ஏட்டில் வந்து நடைமுறைக்கு வராது. இது நடைமுறை செத்து ஏட்டில் மட்டும் உயிரோடிருந்த கதை.

இனி நம் காலம். 1960-ல் நாடாளுமன்றம் ஒரு குழந்தைகள் சட்டம் போட்டது. யாருக்கு? யூனியன் பிரதேசங்களுக்கு! சிறைகள் அந்தந்த மாநிலத்தின் கையில் இருந்ததால், டெல்லி நேராகக் கை வைக்க முடிந்த இடங்கள் இவைதான். குழந்தைக்குத் தூக்கும் கிடையாது, ஜெயிலும் கிடையாது என்று அதில் எழுதினார்கள். பையனுக்கு 16, பெண்ணுக்கு 18 வயது வரம்பு. பிற்பாடு 1986-ல் நாடு முழுக்க ஒரே சிறார் நீதிச் சட்டம் வந்தபோது அதே 16-18 கணக்குதான் போனது. அதற்கு மாதிரியான 1960 சட்டம் இந்தத் தீவையும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது.

2000-ல் இருபாலருக்கும் 18 ஆனது. டெல்லி பஸ் கொடுமைக்குப் பிறகு 2015-ல் புதிய சட்டம்: 16 முதல் 18 வரை உள்ளவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால், இளைஞர் நீதிக் குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்து, பெரியவராக விசாரிக்க அனுப்பலாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. கோபத்தில் திருத்திய சட்டம் அது. ஆனால் அதே சட்டத்துக்குள் இருக்கும் சில பிரிவுகளைப் படித்தால் வாய் பிளக்கும்! சிறாருக்கு விலங்கு கிடையாது, லாக்கப் கிடையாது. குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர். அந்த இருவரில் ஒரு பெண் கட்டாயம். சின்னக் குற்றம் என்றால் நான்கு மாதத்தில் விசாரணையை முடி, மிஞ்சிப்போனால் இன்னும் இரண்டு மாதம், அதற்கும் முடிக்கவில்லையா, வழக்கே ரத்து! வாய்தா வாங்கி வாங்கிச் செருப்புத் தேய்ந்த நம் ஊரில் இப்படி ஒரு பிரிவு.

இன்னொரு அதிர்ச்சி: இந்தியாவில் ஏழு வயது நிரம்பினால் குற்றப் பொறுப்பு தொடங்கிவிடுகிறது! 1860-ல் மெக்காலே வழி வந்த எண். 2024 ஜூலை 1-ல் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. 82-ஆம் பிரிவு 20-ஆம் பிரிவாகியது. ஏழு ஏழாகவே இருக்கிறது. பக்கத்து இலங்கை 2018-ல் எட்டிலிருந்து பன்னிரண்டுக்கு உயர்த்திவிட்டது. புதிய சட்டத்தில் சிறு குற்றங்களுக்குச் 'சமூக சேவை' என்ற தண்டனை முதல்முறையாக வந்திருக்கிறது, அது நல்ல புதுமை. ஆனால் ஜெயிலை நடத்தும் மூலச் சட்டம் எது? 1894 சிறைச் சட்டம்! செல்லுலர் ஜெயிலுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கும் முந்தியது.

தமிழ்நாடு முதலில் சட்டம் போட்டது என்று காலரைத் தூக்கிக்கொள்ள முடியாத நாட்களும் உண்டு. 2022 கடைசியில் செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் அடிபட்டு இறந்தான். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு நியமித்தது. அவர் இல்லங்களைப் பார்த்து 2023-ல் அறிக்கை கொடுத்தார். 1887-ல் சீர்திருத்தப் பள்ளி திறந்த அதே செங்கல்பட்டு.

யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரிசைப்படுத்த 'இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட்' என்று ஒன்று 2019 முதல் வருகிறது. போலீஸ், கோர்ட், சிறை, சட்ட உதவி நான்கிலும் 18 பெரிய, நடுத்தர மாநிலங்களுக்கும் 7 சிறிய மாநிலங்களுக்கும் இடம் போடுகிறார்கள். 2025-ல் கர்நாடகம் முதலிடம். அந்தமான் எத்தனையாவது? வரிசையிலேயே இல்லை! யூனியன் பிரதேசங்களுக்கு அதில் இடம் போடுவதில்லை. ஒரு காலத்தில் 'தண்டனை' என்றால் நாடே நினைத்த தீவு, இன்று மதிப்பெண் பட்டியலில் காணோம். இன்றைய ஜெயில் எங்கே என்கிறீர்களா? கராச்சர்மாவுக்குப் பக்கத்து ஊர் பிராத்ராபூர். மாவட்டச் சிறை அங்கேதான். செல்லுலர் ஜெயிலின் ஏழு கிளைகளில் மிஞ்சியவை மூன்று. அதன் வளாகத்தில் நிற்பது கோவிந்த வல்லப பந்த் ஆஸ்பத்திரி. தீவுக்காரர்களுக்கு அந்த இடத்தின் முதல் அடையாளம் சிறையா பிரசவ வார்டா என்று கேட்டுப் பாருங்கள்!

மேல்முறையீடு என்றால்? கல்கத்தா உயர் நீதிமன்றம். சுமார் 1,250 கிலோமீட்டர் கடல். நீதிபதிகள் முறைவைத்துப் போர்ட் பிளேயர் வந்து அமர்வு நடத்துகிறார்கள். (ஊர்ப் பெயர் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, கண்டக்டருக்கு இன்னும் வாய் வரவில்லை.)

கடைசியாக ஒன்று. பிடிபட்ட சிறாரை 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதே வாக்கியத்தில் ஒரு சின்னத் துண்டு: 'பயணத்துக்குத் தேவையான நேரம் நீங்கலாக'. சென்னையில் இருப்பவர் அதைப் படித்தால் டிராஃபிக் நினைவுக்கு வரும். கிரேட் நிகோபாரின் கேம்பல் பே போர்ட் பிளேயரிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கப்பலில் இரண்டு நாள், கடல் கொந்தளித்தால் இன்னும் கூடும். குழுமம் கூடாத நேரத்தில் ஒரே ஒரு உறுப்பினர் முன்னால் நிறுத்தினாலும் போதும் என்று சட்டம் ஒரு சந்து விட்டிருக்கிறது. அந்த ஒருவர் எந்தத் தீவில் இருக்கிறார் என்பதுதான் கேள்வி.

கராச்சர்மா டீக்கடையில் காலையில் 'டெய்லி டெலிகிராம்ஸ்' பேப்பர் வருகிறது, நிர்வாகமே நடத்தும் பேப்பர். தலைப்புச் செய்தியை யாரும் முதலில் படிப்பதில்லை. எல்லாரும் ஒரே இடத்தைத்தான் தேடுகிறார்கள்: எந்தக் கப்பல், எந்தத் தீவுக்கு, எத்தனை மணிக்கு.